குளத்தடிக் கதிரை

மார்ச் 6, வியாழன்

காலையில் வெயில். ஸ்டேஷனுக்குப் போவதற்குள் மேகம். குடை எடுக்கவில்லை.

வாங்க வேண்டியவை: கண்ணுக்கு விடும் துளிமருந்து, மீன், முருங்கைக்காய் கிடைத்தால். பிலோமினா அக்காவுக்குக் கறுப்பு நூல்.

குளத்தடிப் பெஞ்சைக் காணவில்லை. போன வியாழன் இருந்தது. இன்று சீமெந்தில் போல்ட் கழற்றிய துளைகள் மட்டும்.

தகனினிப் புறநகரின் இந்தப் புதுக் குடியிருப்பில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் உட்கார இருந்த ஒரே இடம். மழைநீர் வடிய வெட்டிய பள்ளம்தான், குளம் என்று நாங்கள் பெயர் வைத்தோம். சரியாகப் பாதி வழி. பிலோமினா அக்கா (இனி பி. அக்கா, முழுப் பெயர் எழுத விரல் வலிக்கிறது) அடுத்த தெருவில் மகன் அன்ரனோடு இருக்கிறார். இடுப்பு தேய்ந்துவிட்டது, மூச்சும் குறைவு. அங்கே இருந்து ஆறினால்தான் மிச்ச வழி நடப்பார்.

"மாதாவே, வாங்கைக் காணேல்லை" என்று அவர் தடியை ஊன்றி நின்ற நிலை. பிறகு என் தோளில் ஒரு கை, வேலியில் ஒரு கை. ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் ஒடாஹுஹுக் கடைத்தெருவுக்கு.

மீன் நல்ல மீன். கம்போடியக்காரரின் பேக்கரியில் வழக்கம்போல தேநீர், ஒரு கஸ்டர்ட் துண்டு, இரண்டு கரண்டி. வீட்டில் வாய் திறக்காத பி. அக்கா அங்கேதான் பேசுவார். மருமகளைத் திட்டுவார், செத்த புருஷனைத் திட்டுவார், சிரிப்பார். இன்று பேச்சு இல்லை. திரும்பும் வழியை நினைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 7, வெள்ளி

காற்று. உடுப்புகள் பக்கத்து வீட்டு வளவில்.

பெஞ்சைக் கழற்றியது யார் என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். குடியிருப்பின் கமிட்டியாம். பின்னேரங்களில் பொடியன்கள் அதில் இருந்து பாட்டுப் போடுகிறார்களாம், வெளியாட்கள் வந்து குந்துகிறார்களாம். குடியிருப்பின் ஃபோன் குரூப்பில் வாக்கெடுப்பு நடந்ததாம்.

மருமகன் ரமணன் கறியைப் பார்த்தபடி, "எல்லாரும் லைக் போட்டினம் மாமி. நானும் போட்டன். ஆர் உதிலை இருக்கினம்?"

"நான் இருக்கிறனான்" என்றேன்.

மகள் வாணி பேச்சை மாற்றினாள். ரமணன் கெட்டவர் அல்ல. இதையும் எழுதி வைக்கிறேன். ஆனால் கண் டாக்டர் என் லைசென்ஸை நிறுத்திய அதே கிழமை என் காரை விற்றவரும் அவர்தான். விரி என்ற இடத்தில் வேர்ஹவுசில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டி நான் வாங்கிய கார். விடிய முன்னம் மோட்டர்வேயில் தனியே ஓட்டிக்கொண்டு போவேன், ரேடியோ என் இஷ்டம். இப்போது மருந்துக்கடைக்குப் போகவும் இன்னொருவரின் ஓய்வுநாள் பார்க்க வேண்டும். வியாழன் ஒன்றுதான் எனக்கு மிச்சம். ஒன்பது மணிக்குப் பிறகு முதியோருக்கான கோல்ட் கார்டுக்கு ரயில் இலவசம், கால் என் கால், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 13, வியாழன்

தூறல். விட்டுவிட்டது.

பி. அக்கா குளம்வரை வந்தார். அதற்கு மேல் முடியவில்லை. எதிர் வீட்டின் முன்மதில் முழங்கால் உயரம். அதில் இருத்தினேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். கேட்ட விதம் எழும்பு என்கிற விதம். பி. அக்கா உடனே எழும்பி "சொறி, சொறி" என்றார். அவரை நான் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. திரும்பி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

"நீ போட்டு வா பிள்ளை. எனக்கு மீன் வேண்டாம்."

நானும் போகவில்லை. தகரத்தில் அடைத்த மீன்தான் குழம்பு. வாணி நல்லா இருக்கு என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

வெயில். முருங்கை இலை கொஞ்சம் கிடைத்தது, கோயிலில் ஒருவர் தந்தார்.

நல்ல செய்தி ஒன்று. தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் குகன் எல்லோருக்கும் வட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். வயதானவர்களுக்கு ஏற்ற வட்டாரமாக இந்தப் பக்கத்தை மாற்றத் திட்டமாம். கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்து தமிழ் முதியோரிடம் நேரே கேட்கப் போகிறாராம், என்ன வசதி வேண்டும் என்று. வரும் சனி, சங்க ஹோலில். சிற்றுண்டி உண்டு.

பி. அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். ஒத்திகை பார்த்தோம். நான் பெஞ்ச் கேட்பது, அவர் இடுப்பைப் பற்றிச் சொல்வது. "இங்கிலிஸிலை எனக்கு வராது" என்றார். தமிழில் சொல்லுங்கோ, குகன் மொழிபெயர்ப்பார் என்றேன். "ரெண்டு வசனம்தானே, சொல்லுவன்" என்றார்.

மனம் லேசு. கன காலத்துக்குப் பிறகு.

மார்ச் 22, சனி

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்.

வந்த பெண் மெரே, மவோரிப் பெண், முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை. மேசைக்குப் பின்னால் இருக்காமல் ஒவ்வொரு கதிரைக்கும் பக்கத்தில் முழந்தாளில் இருந்து கேட்டாள். வெளியே போய் வருவதில் என்ன கஷ்டம், எங்கே நடக்க முடியவில்லை, எதை மாற்ற வேண்டும். சரியான கேள்விகள்.

வடை, ரோல்ஸ், பற்றிஸ் கொடுத்தோம். வந்த விருந்தாளியிடம் குறை சொல்வதா என்பது ஒன்று. அதைவிடப் பெரிய கோளாறு வேறு. எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கிய பிள்ளைகள் எல்லோரும் பின்சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். பெஞ்ச் வேண்டும் என்றால் நடக்கிறாய் என்று அர்த்தம். நடக்கிறாய் என்றால் மகன் கார் ஏற்றவில்லை என்று அர்த்தம். இந்தக் கணக்கு அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், மெரேயைத் தவிர.

முதலில் சுந்தரம் சார், திருச்சிக்காரர். "நமக்கு என்னங்க குறை? பையன் தங்கமா பாத்துக்கிறான். ஆமா, எல்லாம் சௌகரியமா இருக்குங்க." போன மாதம் இதே மனிதர் என்னிடம், வீட்டுக்குள்ளேயே இருந்து பைத்தியம் பிடிக்குது என்றவர்.

அடுத்தவர், அதற்கடுத்தவர். எல்லோருக்கும் ஒரு குறையும் இல்லை. குகன் ஒவ்வொன்றையும் இங்கிலிஷில் இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தார்.

நான் எழும்பினேன். எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். குளத்தடியில் இருந்த பெஞ்ச், அதை எடுத்தது, முன்மதில், சொறி சொறி, எல்லாம் சொன்னேன். மெரே எழுதினாள். வேகமாக எழுதினாள். பிறகு பி. அக்காவிடம் போய் முழந்தாளில் இருந்து அவர் கையைப் பிடித்து, உங்களுக்கும் அந்த வழி கஷ்டமா என்று கேட்டாள்.

பி. அக்கா என்னைப் பார்த்தார். சுவரடியில் நின்ற அன்ரனைப் பார்த்தார். தமிழில்கூடச் சொல்லவில்லை. வராது என்ற இங்கிலிஷ் அப்போது வந்தது.

"நோ, நோ. மை சன் டேக் மீ எவ்ரிவேர். வெரி குட் சன். நோ ப்றொப்ளம்."

கை தட்டினார்கள். அன்ரன் தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் கலாசாரத்தில் பெற்றோரைக் குடும்பமே பார்க்கும் என்று குகன் முடித்துவைத்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லி மெரே பேனாவை மூடினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைத்தானே எழுத முடியும்.

கடைசியில் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். பின்சுவரிலிருந்து ஒரு மகன், ஹோலில் கார் நிறுத்த இடம் போதாது என்றான். அதற்கு எல்லோரும் ஓம், ஆமா, சரியாச் சொன்னீர். அதையும் எழுதினாள்.

மார்ச் 23, ஞாயிறு

நேற்றுக் காரில் வாணி வாயே திறக்கவில்லை. இன்று குசினியில் திறந்தாள்.

"எல்லாரும் என்னைத்தான் பார்த்தினம் அம்மா. நான் உங்களை எங்கையும் கூட்டிக்கொண்டு போறேல்லையோ? கேட்டால் மாட்டன் எண்டு சொன்னனானோ?"

"கேட்க வேணும் எல்லோ" என்றேன்.

"கேளுங்கோவன். கேட்டால் என்ன?"

எழுபது வயதில், மீன் வாங்கப் போகட்டா என்று என் வயிற்றில் பிறந்தவளிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அவளும் கிழமை முழுக்க கடையில் நின்றே வேலை செய்கிறவள். நான் வெங்காயம் உரித்தேன்.

பி. அக்கா ஃபோன் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்லியிருப்பேன் தெரியாது. நல்லதாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

மழை. கொடியில் எதுவும் காயவில்லை.

பி. அக்கா தானே எடுத்தார். "கோவமோ?" என்றார். ஓம் என்றேன்.

"அவன் இரவு முழுக்க விரியிலை ஃபோர்க்லிஃப்ட் ஓடிப்போட்டு, நித்திரை கொள்ளாமல் அங்கை வந்து நிக்கிறான் பிள்ளை. அந்த மூஞ்சையைப் பார்த்துக்கொண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

என் கோபம் போகவில்லை.

கமிட்டிக்கு ரமணனின் ஃபோனிலிருந்து ஒரு செய்தி போடச் சொன்னேன். போடுகிறேன் என்றார். போடமாட்டார்.

மார்ச் 26, புதன்

மழை விட்டது. வெயில், ஆனால் குளிர் தொடங்கிவிட்டது.

எந்தத் தமிழ் வீட்டுக் கராஜைத் திறந்தாலும் ஓர் அடுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை இருக்கும். பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி, எல்லாவற்றுக்கும் அவைதான். எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. இருவரும் வேலைக்குப் போனபிறகு ஒன்றை எடுத்தேன். பாரம் இல்லை. குளத்தடிக்குக் கொண்டுபோய், போல்ட் துளைகளுக்கு மேல் வைத்தேன். ஆடியது. ஒரு காலுக்குக் கீழே தட்டையான கல் கொடுத்தேன்.

இருந்து பார்த்தேன். தண்ணீரில் இரண்டு தாரா, ஒரு சிப்ஸ் பை. பரவாயில்லை.

மார்ச் 27, வியாழன்

அருமையான நாள்!

பி. அக்கா கதிரையைக் கண்டதும், "எடி, உன்ரை வீட்டுக் கதிரை எல்லோ?" என்று சிரித்த சிரிப்பு. இருந்தார், ஆறினார், எழும்பினார். ரயில் பிடித்தோம். பேக்கரியில் தேநீர், கஸ்டர்ட். சனிக்கிழமைக் கூட்டத்தை அவரே நடித்துக் காட்டினார், "வெரி குட் சன்" வரை. சிரித்துத் தேநீர் சிந்தியது. கம்போடியக்காரர் துணி கொண்டுவந்தார். மருமகளுக்கும் நல்ல வசவு விழுந்தது.

திரும்பும்போது கதிரையில் தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபிக் கிழவர். எங்களைக் கண்டதும் சட்டென்று எழும்பினார், நெஞ்சில் கை வைத்து, இருங்கள் என்று காட்டினார். அவருக்கு எங்கள் மொழி இல்லை, எங்களுக்கு அவருடையது இல்லை. பி. அக்கா முறை வைத்துக்கொள்வோம் என்று சைகை காட்டினார். ஒருவர் இருக்க இருவர் நின்றோம், பிறகு மாறினோம். எனக்கும் ஒரு முறை வந்தது.

கவுன்சிலும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். ஒரு கதிரை போதும் என்று தோன்றியது.

மார்ச் 29, சனி

போயிற்று.

காலையில் மணி அடித்தது. திறந்தால் அன்ரன், கையில் எங்கள் கதிரை. துடைத்துக் கொண்டுவந்திருந்தான், கால்களில் சேறுகூட இல்லை.

"குறை நினைக்காதேங்கோ அன்ரி. அம்மாவை உதிலை இருத்தாதேங்கோ."

ஃபோனைக் காட்டினான். யாரோ காரிலிருந்து படம் எடுத்துக் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். வீதியோரம் வெள்ளைக் கதிரை, அதில் பி. அக்கா, மடியில் மீன் பை. பக்கத்தில் நான், பாதி உடம்பு. கீழே ஒருவர், பாவம், இவருக்கு யாரும் இல்லையா என்று. இன்னொருவர், பிச்சை எடுக்கிறாரா என்று. அதற்கும் கீழே தமிழ்ப் பெயர் ஒன்று, இது இன்னாருடைய தாய் அல்லவா என்று.

"வேலையிலை பெடியள் எனக்குக் காட்டினாங்கள் அன்ரி. ஸ்மோக்கோ பிரேக் நேரம், எல்லாருக்கும் முன்னாலை." கண்கள் இரத்தச் சிவப்பு, நேரே ஷிஃப்ட் முடித்து வந்திருக்கிறான். "வியாழக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போறன். ரெண்டு பேரையும். ஒவ்வொரு கிழமையும்."

நல்ல பிள்ளை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் முகத்தில் அடித்தாற்போல் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றேன். குடிக்கவில்லை.

வாணி கதிரையைக் கராஜில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்திருக்கிறாள்.

ஏப்ரல் 3, வியாழன்

முகில். குளிர்.

அன்ரன் வந்தான். சொன்னபடி வந்தான். பி. அக்கா முன்சீட்டில், நான் பின்னால். மோட்டர்வே. பேச்சு இல்லை, பாட்டும் இல்லை. மீன்கடை வாசலில் நிறுத்த இடமில்லாமல் எஞ்சினை ஓடவிட்டபடி, "கெதியா வாங்கிக்கொண்டு வாங்கோ அம்மா, பின்னாலை கார் நிக்குது."

மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க நேரம் இல்லை. கொடுத்ததை வாங்கினோம். பேக்கரியைத் தாண்டும்போது கம்போடியக்காரர் கண்ணாடிக்குள்ளால் கை தூக்கினார். பி. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. சந்தி விளக்கில் அன்ரனின் தலை ஸ்டியரிங்குக்குச் சாய்ந்தது, நான் தோளில் தட்டினேன். "நித்திரை இல்லை அன்ரி, முழிச்சுத்தான் இருக்கிறன்" என்றான்.

வீட்டு வாசலில் பி. அக்கா மகனிடம், "தாங்ஸ் அப்பன்" என்றார். விருந்தாளி சொல்வதுபோல.

மீன் பழுது. பாதியை எறிந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கண் டாக்டர். அதே துளி, அதே பேச்சு.

சங்கத்துக் குரூப்பில் குகனின் அறிவிப்பு. கவுன்சிலின் திட்டச் சுருக்கம் வந்துவிட்டதாம். தமிழ் முதியோருக்குப் போக்குவரத்தில் குறை இல்லை, குடும்பத்தின் ஆதரவு பலமாக இருக்கிறது. ஹோலில் கூடுதலாகக் கார் நிறுத்த இடம் பரிசீலிக்கப்படும். ஒருவர் மட்டும் பெஞ்ச் கேட்டார் என்று ஒரு வரி. அந்த ஒருவர் நான்.

சங்கம் சும்மா இருக்குமா. தன் பங்குக்கு ஒரு போஸ்டர் அடித்திருக்கிறது. பி. அக்காவின் படம், கையில் கடித்த ரோல்ஸ், வாய் நிறையச் சிரிப்பு. குடும்பமே எங்கள் பலம் என்று கீழே. இருக்க இடமில்லாமல் மதிலிலிருந்து எழுப்பப்பட்ட மனுஷியை வைத்து.

கீழே பூக்களும் கும்பிட்ட கைகளும். வாணியும் ஒரு பூப் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இரவு முழுக்க மழை. காலையில் விட்டது. வெளிக்கிட்டு, பை எடுத்து, யன்னலடியில் நின்றேன். அன்ரனின் கார் வரவில்லை.

பி. அக்கா ஃபோன் எடுத்தார். மெல்லிய குரல். "ஓவர்டைமாம் பிள்ளை. இப்பதான் வந்து படுத்தவன். எழுப்ப மனமில்லை."

"நடப்பமோ அக்கா? மெல்ல மெல்ல."

"எங்கை இருந்து ஆறுறது?"

கதிரை கொண்டு வாறன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அங்கே கதவு திறக்கும் சத்தம், மருமகளின் குரல். பி. அக்கா உடனே உரத்து, "இல்லை, இல்லை, எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் அவன் பார்க்கிறான். சரி, வைக்கட்டோ" என்றார். வைத்துவிட்டார்.

பையைத் திரும்பக் கொழுவினேன். பிறகு எடுத்தேன். தனியே நடந்தேன், ஸ்டேஷனுக்கு அல்ல, குளம்வரை.

அங்கே பஞ்சாபிக் கிழவர் நின்றுகொண்டிருந்தார். தடியில் இரண்டு கையையும் ஊன்றி, கால் மாற்றி மாற்றி. துளைகளில் மழைத்தண்ணீர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, அந்த இடத்தைத் தடியால் காட்டினார், கதிரை எங்கே என்று.

நான் கையை விரித்தேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் காட்டினார்.